அன்றைய எழிலரசி

தரணிதரன் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போயிருந்தால், ஒருவேளை நானும் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அவன் கண்டுகொண்டான். அதுவும் மேலாளர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த அறிமுகக் கூட்டத்தில், மேடையிலிருந்து இறங்கி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தான்.

"ஏய் எழில்! நீ இங்கதான் இருக்கியா? இவங்க என் பேட்ச்மேட்ங்க. காலேஜ்ல நாங்க பண்ணாத அலப்பறையா!"

எல்லாரும் சிரித்தார்கள். புது ஆலைத் தலைவர் இவ்வளவு சகஜமாகப் பழகுகிறாரே என்று அவர்களுக்குச் சந்தோஷம். எனக்கு அந்த 'நாங்க' காதில் விழுந்ததுமே வயிறு எரிந்தது. எந்த நாங்க? அலப்பறை பண்ணியது இவன், வாங்கிக் கட்டிக்கொண்டது நான். அடித்தவனும் அடிபட்டவளும் எப்போது ஒரே கட்சி ஆனார்கள்?

ஓசூரைத் தாண்டி, வண்டிகளுக்கு மின்கலம் செய்யும் ஆலை எங்களுடையது. தரக்கட்டுப்பாடு முழுக்க என் பொறுப்பு. ஆலைத் தலைவர் பதவிக்கு என் பெயரும் அடிபட்டது. அந்த வயிற்றெரிச்சலில்தான் புகார் கொடுத்தாள் என்று பின்னால் பேசினார்கள். பேசட்டும். கொஞ்சம் உண்மையும்தான், நான் ஒன்றும் புனிதவதி இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் வேறு எந்தக் கழுதை வந்து உட்கார்ந்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். இவனைப் பார்த்து தினமும் 'குட்மார்னிங் சார்' சொல்ல என் நாக்கு வளையாது. ஒன்று அவன் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

கல்லூரியில் இவன் ஒரு மீம் பக்கம் நடத்திக்கொண்டிருந்தான். 'கலாய்ப்புக் கழகம்' என்று பெயர். யாராவது ஒருவரைப் பிடித்து வைத்துக் கிழிப்பார்கள், மற்றவர்கள் கீழே வந்து கும்மியடிப்பார்கள். இரண்டாம் ஆண்டில் என் முறை வந்தது. திண்டிவனத்திலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றபடியே சேலம் வந்து, நேராக வகுப்புக்குப் போய், மேசையில் தலையை வைத்துத் தூங்கிவிட்டேன். வாய் திறந்திருந்தது. அதைப் படம் பிடித்தான். 'கோட்டாவுல வந்தவங்களுக்கு கட்-ஆஃபும் வேணாம், காபியும் வேணாம், குறட்டை போதும்' என்று எழுதி, கூடவே எங்கள் ஊரில் எங்கள் தெருவின் பெயரையும் போட்டான். தெருப் பெயரைச் சொன்னால் போதும், சாதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்புறம் பட்டம் வாங்குகிறவரை என் பெயர் 'கோட்டா குறட்டை'. பட்டமளிப்பு விழாவில் மேடையேறியபோதுகூடப் பின்வரிசையிலிருந்து எவனோ குறட்டை விட்டான். சிரிப்பு அடங்க நேரமானது.

பழைய பதிவுகளுக்கான சட்டத்தில் நான் கொடுத்த புகார் போன மறுநாள் தரணிதரன் என் அறைக்கு வந்தான். கதவைத் தட்டிவிட்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"எழில், என்ன இது? இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு."

"ஆமா சார். உட்காருங்க சார்."

"சார் எல்லாம் வேணாம் எழில். தப்புதான், ஒத்துக்கறேன். மன்னிச்சுரு. ஆனா பத்தொம்பது வயசுல போட்ட ஒரு போஸ்ட்டுக்கு நாப்பத்தி நாலு வயசுல தண்டனையா? இது நியாயமா சொல்லு."

"எனக்குப் பத்தொம்பது வயசுலயே குடுத்துட்டீங்களே. எனக்கு மட்டும் உடனே, உங்களுக்கு மட்டும் எப்பவுமே வேணாமா?"

"ஒரு தடவை இதுல வேலை போச்சுன்னா பேரு பொதுப் பட்டியல்ல ஏறிடும். அப்புறம் ஒருத்தனும் உள்ள விடமாட்டான். என் பொண்ணு இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கா. அவ ஃபிரெண்ட்ஸ் எல்லாம் பாப்பாங்க. நான் கால்ல விழணுமா? விழறேன்."

"நீ என்கிட்ட மன்னிப்பு கேக்கறியா, உன் வேலைகிட்ட கேக்கறியா?" என்றேன். சாரெல்லாம் ஓடிப்போய்விட்டது.

நான் கணினித் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். பொய் சொல்லக்கூடாது, எனக்கு ஜிவ்வென்று இருந்தது. அன்றைக்கு மதியம் இரண்டு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டேன்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஹெப்சிபா என்ற அம்மாள் வந்திருந்தார். ஓய்வு பெற்ற நீதிபதி, நாகர்கோவில்காரர். மெதுவான குரல், வெள்ளைக் கதர்ச் சேலை. அவரோடு இர்ஃபான் என்ற தொழில்நுட்ப அதிகாரி. என் வயதுதான் இருக்கும். கூட்ட அறையின் சுவர் முழுக்கத் திரை. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் தரணிதரன். அவன் சட்டைக் கக்கம் நனைந்திருந்ததை ரசித்துப் பார்த்தேன்.

அந்தத் திரையில் வரப்போவதற்கு அரசாங்கம் 'அன்றைய நபர்' என்று பெயர் வைத்திருக்கிறது. ஊரில் எல்லாரும் ஆவி எழுப்புவது என்றுதான் சொல்கிறார்கள்.

"மொதல்ல இது என்னன்னு ரெண்டு பேருக்கும் சொல்லிடுங்க," என்றார் ஹெப்சிபா அம்மாள்.

இர்ஃபான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆரம்பத்துல சட்டம் ரொம்ப முரடா இருந்துச்சுங்க. பழைய பதிவு நிரூபணம் ஆச்சுன்னா வேலை காலி, அவ்வளவுதான். வாத்தியாரு, நர்ஸு, ரயில் ஓட்றவருன்னு சகட்டுமேனிக்கு வீட்டுக்கு அனுப்பினாங்க. அப்புறம் மனுஷன் மாறமாட்டானான்னு வழக்கு. சரி, மாறிட்டானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னைக்கு வந்து அழறவர் வேலைக்காக அழறாரா, மனசார அழறாரான்னு யாருக்குத் தெரியும்? அதான் இது. அந்தப் பதிவு போட்ட நாள் முடியற வரைக்கும் அந்த ஆளு பொதுவுல எழுதினது, பேசினது, லைக் போட்டது எல்லாத்தையும் வச்சு, அன்னைக்கு இருந்த ஆளையே கட்டி எழுப்பறோம். அதுக்கு வேலையும் கிடையாது, பயமும் கிடையாது. அதுகிட்ட நடந்த கேட்டை எடுத்துச் சொல்வோம். அது வருத்தப்பட்டுச்சுன்னா, இந்த ஆளு அன்னைக்கே சொன்னா கேட்டிருக்கக்கூடியவர்னு அர்த்தம், வேலைல இருக்கலாம். கடைசிவரைக்கும் வருத்தப்படலைன்னா வேலை போயிடும்."

"வாட்ஸாப்பு, மெசேஜ் எல்லாம்?" என்று கேட்டேன்.

"தனிப்பட்டதைத் தொடக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு மேடம். பொதுவுல வந்தது மட்டும்தான்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. தலையாட்டினேன்.

திரையில் பத்தொன்பது வயதுத் தரணிதரன் வந்து உட்கார்ந்தான். ஒட்டடைக்குச்சி உடம்பு, அரும்பு மீசை, பச்சை டீ-சர்ட். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. இவன்தான். அச்சு அசலாக இவனேதான். எதிரில் உட்கார்ந்திருந்த தொப்பைக்காரனைப் பார்த்து இத்தனை நாளும் கோபப்பட்டதே வீண் என்று தோன்றிவிட்டது.

"வணக்கம் மேடம். என்ன, பிரின்சிபல் ரூமா? எவன் போட்டுக்குடுத்தான்?" என்றான் ஆவி. பிறகு தரணிதரனைப் பார்த்தான். "இந்த அங்கிள் யாரு, எங்க பெரியப்பா மாதிரியே இருக்காரு?"

"அவர்தான் நீங்க. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு," என்றார் ஹெப்சிபா அம்மாள்.

"அய்யய்யோ! இவ்வளவு கேவலமாவா ஆயிடுவேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். தரணிதரன் குனிந்த தலை நிமிரவில்லை.

அந்தப் படத்தைக் காட்டினார்கள். ஆவி எட்டிப் பார்த்தது.

"இதுவா? செம ரீச் மேடம் இது. இதுக்கா கூப்பிட்டீங்க?"

அம்மாள் என்னைப் பார்த்தார். "நீங்க பேசலாம்."

இருபத்தைந்து வருடங்களாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, சாம்பாருக்குத் தாளிக்கும்போது எல்லாம் பேசிப் பார்த்தது. பேசினேன். அந்தப் படத்துக்கு அப்புறம் மெஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காராததை, ஆய்வகத்தில் என்னோடு ஜோடி சேர மாட்டேன் என்று ஒருத்தி வாத்தியாரிடமே சொன்னதை, நேர்முகத் தேர்வில் ஒருவன் என் பெயரைப் பார்த்ததும் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் இருந்தவனுக்குக் காட்டியதை, எல்லாம் அது நான்தான் என்று காட்டிக்கொள்ளாமல் அந்தப் பெண்ணின் கதையாகவே சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

ஆவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. முடித்ததும் சொன்னது:

"என்னங்க நீங்க, இப்படி சீன் போடறீங்க? அவளே சிரிச்சாளே."

"யாரு சிரிச்சா?" என்றார் அம்மாள்.

"எழில்தான் மேடம். கமெண்ட்ல வந்து 'செம அட்மின்'னு போட்டா. அவ டைம்லைன்லயே ஷேர் பண்ணினா. அவளுக்கே காமெடியா இருந்துச்சு, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

இர்ஃபான் எதையோ தட்டினார். திரையில் வந்தது.

என் பக்கம். என் பெயர். என் தூங்கும் முகம். அதற்கு மேலே நான் எழுதியது: 'எங்க ஆளுங்கள நம்பி சீட்டு குடுத்தா இப்படித்தான் குறட்டை விடுவோம். செம அட்மின்!' கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை முகங்கள் ஒரு வரிசை.

சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் மறந்தே போயிருந்தேன். படம் ஞாபகம் இருந்தது, பட்டப்பெயர் ஞாபகம் இருந்தது, குறட்டை விட்டவன் குரல்கூட ஞாபகம் இருந்தது. இது மட்டும் இல்லை.

"அம்மா, இது அப்படி இல்லைங்க," என்றேன். "அந்தப் பக்கத்துல ஒருத்தரைப் போட்டுக் கலாய்ச்சா, அவங்களே வந்து சிரிக்கணும். அதுதான் அங்க வழக்கம். சிரிக்கலைன்னா 'சீன் போடறா'ன்னு அடுத்து இன்னொண்ணு போடுவாங்க. முறைச்சா இன்னும் மோசமா போடுவாங்க. எங்களுக்கு முந்தின வருஷம் ஒரு பொண்ணு வார்டன்கிட்ட எழுதிக் குடுத்தா, அவளை வச்சு ஒரு செமஸ்டர் முழுக்க ஓட்டினாங்க, அவ டி.சி. வாங்கிட்டுப் போயிட்டா. அதான் நான் முந்திக்கிட்டேன். அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே என்னை அசிங்கமாச் சொல்லிக்கிட்டா, அவங்களுக்குச் சொல்ல ஒண்ணும் மிச்சம் இருக்காதுன்னு நெனச்சேன். அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு எவ்வளவு நேரம் அழுதேன்னு எனக்குத்தான் தெரியும்."

"புரியுது எழிலரசி," என்றார் அம்மாள். நிஜமாகவே புரிந்த முகம்தான். அதுதான் இன்னும் கொடுமை. "ஆனா எனக்குப் புரியறதை நான் தீர்ப்புல எழுத முடியாது. அன்னைக்கு நீங்க புண்பட்டீங்களா இல்லையான்னு இப்ப கேள்வி வந்திருக்கு. அதுக்கும் ஒரே வழிதான் இருக்கு. இர்ஃபான், இவங்களோட அன்றைய நபரைக் கூப்பிடுங்க."

"வேணாம்மா," என்றேன்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவள் வந்தாள்.

எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, தோளில் பின் குத்திய மஞ்சள் துப்பட்டா. கன்னத்தில் பரு. நான் அவ்வளவு ஒல்லியாகவா இருந்தேன்? கண்ணில் அப்படி ஒரு பளிச். எழுந்து போய் அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என் மகளாக இருந்திருந்தால் அந்தக் கல்லூரியின் வாசல்படியைக்கூட மிதிக்க விட்டிருக்க மாட்டேன்.

"குட் ஈவினிங் மேம்," என்றாள். திரையில் பக்கத்துக் கட்டத்தில் இருந்தவனைப் பார்த்தாள். "டேய் அட்மின், நீயும் மாட்டிக்கிட்டியா? சூப்பர்!"

"எழிலரசி, இந்தப் படம் வந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று அம்மாள் கேட்டார்.

"செம காமெடி மேம். நான் தூங்கினது நெசம்தானே? வாயை வேற அவ்வளவு தொறந்து வச்சிருக்கேன், ஒரு பஸ்ஸே உள்ள போயிட்டு வரலாம்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "நான் ஸ்போர்ட்டிவ் டைப் மேம். இதுக்கெல்லாம் ஃபீல் பண்ணமாட்டேன்."

"ஏய்," என்றேன். "பொய் சொல்லாதடி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "யாருக்கா நீங்க?"

"நான் யாருன்னு அப்புறம் சொல்றேன். பாத்ரூம்ல அழுதியே, அதைச் சொல்லு. ரெண்டாவது மாடி, கடைசி பாத்ரூம். குழாயைத் திறந்து வச்சுக்கிட்டு, துப்பட்டாவை வாயில அடைச்சுக்கிட்டு அழுதியே. சொல்லு இவங்ககிட்ட."

"எந்த பாத்ரூம்க்கா?" அவள் நிஜமாகவே யோசித்தாள். "நான் அழவெல்லாம் இல்லையே."

"அழுதடி!"

"இல்லக்கா. வேற யாராவதா இருக்கும்."

அவள்மேல் தப்பில்லை. எழுதியதும் சிரித்ததும் மட்டும்தான் அவள். அழுததை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அது தெரிந்தும் கத்தினேன். மேசையைத் தட்டித் தட்டிக் கத்தினேன். "அழுதடி! அழுதடி நாயே! மூணு நாள் சாப்பிடாம கெடந்தியேடி! உனக்கு நடந்ததை நீயே இல்லைன்னா நான் எங்கடி போவேன்!" இர்ஃபான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். நாற்பத்து நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒரு திரையோடு மல்லுக்கு நிற்பதைத் தரணிதரன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அவனுடைய ஆவி பேசியது. குரலில் அந்தத் துள்ளல் இல்லை.

"மேடம், ஒரு நிமிஷம். அவ அழுதாளா?"

அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாது மேடம். போட்டதுக்கப்புறம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. தெருப் பேரெல்லாம் போட்டுருக்க வேணாமோன்னு நெனச்சேன். எடுத்துடலாமான்னு கமெண்ட்லயே ஒருத்தன்கிட்ட கேட்டேன். அப்ப இவ ஷேர் பண்ணிட்டா. சரி, சந்தோஷமாத்தான் இருக்கான்னு விட்டுட்டேன். அவ சிரிக்காம இருந்திருந்தா எடுத்திருப்பேன் மேடம்." என் முகத்தைப் பார்த்தான். "நீங்கதான் அவளா? சாரிங்க. சாரி எழில். நெசமாவே சாரி."

கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான் அந்தப் பயல்.

நான் எந்த வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று இத்தனை வருடம் தவித்தேனோ, அதே வாயிலிருந்து வந்துவிட்டது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அவ சிரிக்காம இருந்திருந்தா எடுத்திருப்பேன் என்றானே, அது ஒன்றுதான் காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரில் தரணிதரன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினான். பிழைத்துவிட்டான்.

"பதிவு செய்யுங்க," என்றார் அம்மாள். "திரு. தரணிதரன் பணியில் தொடரலாம்."

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ராஜினாமாவை எப்படி எழுதுவது என்று மனசு அதற்குள் வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டது.

"எழிலரசி, உக்காருங்க. இன்னும் முடியலை."

"இன்னும் என்னங்கம்மா?"

அவருக்குச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க பதிவு. 'எங்க ஆளுங்கள நம்பி சீட்டு குடுத்தா'ன்னு எழுதியிருக்கீங்க. அது உங்களைப் பத்தி மட்டும் இல்லை, ஒரு சமூகத்தையே இழிவுபடுத்தற வாசகம். விசாரணையில கண்ணுல பட்டுட்டா, புகார் இல்லைன்னாலும் எடுத்தாகணும். அது சட்டம்."

"அது என் சமூகம்மா!"

"தெரியும். எழுதினவர் யார்னு சட்டம் பாக்கறதில்லை. அவரோட பதிவைவிட உங்களோடதுதான் நிறைய பேருக்குப் போயிருக்கு. அவங்கள்ல ஒருத்தியே சொல்றாளேன்னு எடுத்து எடுத்துப் போட்டிருக்காங்க. உங்களுக்குப் பின்னால அந்தக் காலேஜுக்கு வந்த உங்க ஊர்ப் பிள்ளைங்க அதைப் பாத்திருக்கும்."

எடுத்த பையை மேசைமேல் வைத்தேன். உட்கார்ந்தேன்.

அம்மாள் திரையைப் பார்த்துக் கேட்டார். "எழிலரசி, நீங்க இப்படி எழுதினதுக்கு வருத்தப்படறீங்களா?"

"எதுக்கு மேம்?" என்றாள் அவள். "என் படம், என் பேஜ், நான் போட்டேன். ஜாலிக்குத்தானே மேம்."

"நீங்களே பேசிப் பாருங்க," என்றார் அம்மாள் என்னிடம். "புகார்தாரருக்கு உண்டான உரிமை உங்களுக்கும் உண்டு."

நான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்ணு," என்றேன். "ஒரே ஒரு வார்த்தை சொல்லிடும்மா. வருத்தமா இருக்குன்னு சொல்லு. போதும்."

"ஏன்க்கா?"

"சொன்னா என் வேலை நிக்கும்."

"நான் சொன்னா உங்க வேலை எப்படி நிக்கும்?" அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "ஸாரிக்கா, நான் அதெல்லாம் சொல்லமாட்டேன். வருத்தமா இருக்குன்னு சொன்னா இவனுங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்." கண்ணால் பக்கத்துக் கட்டத்தைக் காட்டினாள். "இவன் வேற இங்கயே உக்காந்திருக்கான். இவன் முன்னாடியா சொல்லுவேன்?"

"அவன் திருந்திட்டான்டி. இப்பத்தான் மன்னிப்பு கேட்டான்."

"இவனா? நம்பிட்டீங்களா?" கலகலவென்று சிரித்தாள். "நீங்க ரொம்ப வெள்ளந்திக்கா."

இந்தப் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? இதை வைத்துத்தான் நான்கு வருடமும் அந்த ஹாஸ்டலில் காலம் தள்ளினேன். இதை வைத்துத்தான் பட்டம் வாங்கினேன், ஓசூருக்கு வந்தேன், ஆண்கள் மட்டுமே நின்ற வரிசையில் முட்டி மோதி மேலே வந்தேன். யார் முன்னாலும் முகம் சுருங்கக்கூடாது என்று அவள் வைராக்கியம் பிடித்ததால்தான் நான் இருக்கிறேன். இப்போது அதை விடு என்று அவளிடமே கெஞ்சினேன். மிரட்டினேன். அம்மா மேல் சத்தியம் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன், தரணிதரன் பார்க்க. அவனை ஒரே மதியத்தில் கரைத்துவிட்டேன். என்னை என்னால் கரைக்க முடியவில்லை.

"போதும்," என்றார் ஹெப்சிபா அம்மாள் கடைசியில். "அன்றைய நபர் வருத்தம் தெரிவிக்கவில்லை. பணிநீக்கம். மன்னிக்கணும் எழிலரசி." கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் கொஞ்ச நேரம் எழாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் போய்விட்டார்.

தரணிதரன் என் பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்தான். என் முகத்தைப் பார்த்ததும் கதவுப் பக்கம் திரும்பிவிட்டான்.

இர்ஃபான் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். திரையில் அவனுடைய கட்டத்தை அணைத்தார். என்னுடையது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இவளை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பொதுப் பட்டியல்ல இருப்பாங்க மேடம்," என்றார், என் கண்ணைப் பார்க்காமல். "இனிமே நீங்க எங்க வேலைக்கு விண்ணப்பிச்சாலும் அந்தக் கம்பெனிக்காரங்க இவங்களைக் கூப்பிட்டு ஒரு தடவை கேப்பாங்க. அப்பவாவது வருத்தம் சொன்னாங்கன்னா பேரை எடுத்துடலாம்."

"புதுசா ஏதாவது தெரிஞ்சுப்பாளா? இன்னைக்கு நான் பேசினது ஞாபகம் இருக்குமா?"

"இருக்காது மேடம். ஒவ்வொரு தடவையும் அதே நாள்தான்."

திரையிலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நிஜமான கரிசனத்தோடு. எனக்கு அப்போதுதான் தெரிந்தது, கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"அக்கா," என்றாள் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்டுவிடக்கூடாதே என்பது போல. "இவங்க முன்னாடி அழாதீங்கக்கா. நான் சொல்றதக் கேளுங்க. சிரிச்சிருங்க. சிரிச்சிட்டா விட்டுடுவாங்க."

"விடமாட்டாங்கடி," என்றேன்.

அதற்கும் அவள் சிரித்தாள். இர்ஃபான் அணைத்துவிட்டார்.